எவ்வளவு தருவீங்க என்று கேட்டவள்

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாவது தொலைபேசி எடுத்து, "என் பேரப் போட்டதுக்கு எவ்வளவு தருவ?" என்று கேட்பாள். பகிடிக்குக் கேட்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தால், சிரித்து முடியும்வரை பொறுத்திருந்து மறுபடியும் கேட்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே தனியார் நிறுவகத்தில் முகாமைத்துவ டிப்ளோமா படித்தோம். நான் காலை வகுப்பு, அவள் மாலை வகுப்பு. அதனால் படித்து முடிக்கும்வரை ஒருவரையொருவர் கண்டதில்லை. பாடங்கள் முடிந்தபின் ஆறு மாதம் எங்காவது ஒரு கந்தோரில் பயிற்சி பெறவேண்டும். அந்தப் பயிற்சிச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் டிப்ளோமா கைக்கு வரும். யார் பயிற்சி தருவார்கள், கொடுப்பனவு ஏதும் உண்டா என்பதெல்லாம் நிறுவகத்தின் கவலையல்ல. மாணவர்களே தேடிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தல் பலகையில் ஒரு காகிதத்தைக் குத்திவிட்டு இருந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் அப்பா ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். என்னைப் படிப்பித்தது வெள்ளவத்தையில் புடைவைக்கடை வைத்திருந்த மாமா. அவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். "வகுப்புக் காசு கட்டிப்போட்டன். இனி ஆறு மாசம் ஆருக்கோ சும்மா வேலை செய்யிறதுக்கு பஸ் காசும் நான்தான் தரவேணுமோ? சம்பளம் இல்லாத இடமெண்டா பிள்ளை என்ரை கடைக் காசுமேசையில வந்து இருக்கட்டும்." அந்தக் காசுமேசையில் எனக்கு முன் இருந்த என் பெரியம்மாவின் மகள் அங்கிருந்து எழும்பியது தன் கல்யாணத்துக்குத்தான். ஆகவே எனக்குப் பயிற்சி மட்டும் போதாது, சம்பளமும் வேண்டும். அதை வாய்விட்டுக் கேட்கத்தான் தெரியாது.

அவளை நான் முதன்முதல் கண்டது பம்பலப்பிட்டியில், காலி வீதியோரம் இருந்த ஒரு விளம்பர நிறுவனத்தின் மேல்மாடியில். நேர்முகத்துக்கு வந்தவர்களை வரிசையாக இருத்தியிருந்தார்கள். என் பக்கத்துக் கதிரையில், வெயில் கொளுத்தும் நாளில், முழங்காலுக்கு நடுவே ஒரு நீளக் குடையை ஊன்றிக்கொண்டு ஒருத்தி இருந்தாள். கட்டையான உருவம். பெரிய பை. முன்பல் ஒன்று மற்றதன்மேல் லேசாக ஏறியிருக்கும்.

கழுத்துப்பட்டி கட்டிய இளம் முகாமையாளர் வந்தார். ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். தங்கள் நிறுவனத்தில் மேலே கீழே என்ற பேதம் கிடையாது, எல்லோரும் ஒரே குடும்பம் என்றார். கடைசியில், கேள்விகள் உண்டா என்றார். நாங்கள் எல்லோரும் புன்னகை செய்தோம். கேள்வி இருந்தால் புன்னகை செய்யவேண்டும் என்றுதான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள்.

அவள் கையை உயர்த்தினாள். அறைக் கதவிலிருந்த பெயர்ப்பலகையைப் பார்த்து அவர் தமிழர் என்று தெரிந்துகொண்டிருந்தாள்போலும், தமிழிலேயே தொடங்கினாள்.

"குடும்பம்னா சந்தோஷம் சேர். எங்க வீட்டுல பகலைக்குச் சோறு போடுவாங்க. இங்க எப்படி?"

அவர் சிரித்தார். சாப்பாடு கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார்.

"பஸ்ஸுக்கு?"

அதுவும் இல்லை.

"அப்ப எவ்வளவு தருவீங்க?"

அறையில் இருந்த எல்லோரும் தத்தம் சப்பாத்தைப் பார்த்தோம். தாங்கள் தருவது அனுபவம், அது காசால் அளக்க முடியாதது என்று அவர் சொன்னார். அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"சரி சேர். நாங்க தர்றது வேலை. அத அளக்கலாம் தானே?"

முகாமையாளரின் காது சிவந்தது. அவர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, நீங்கள் இருவரும் ஒன்றாக வந்தவர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் "ஆமா சேர்" என்றாள்.

இருவரும் ஒன்றாகவே வெளியே வந்தோம்.

படிக்கட்டில் எனக்கு அழுகை வந்தது. "நான் உங்களோட வரேல்லையே! ஏன் ஓமெண்டு சொன்னனீங்கள்?" என்றேன்.

"நீ தனியா இருந்தியா, பாவமா இருந்துச்சு."

"இப்ப எனக்கு அந்த இடமும் இல்லை."

"எந்த இடம்? சும்மா வேலை செய்ற இடமா? அதுக்குப் போய் யாராவது அழுவாங்களாடி?" என்று சொல்லி, குடையால் என் முதுகைத் தள்ளிக்கொண்டே பக்கத்துச் சைவக்கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே வடைக்கு இரண்டாம் தரம் சட்னி கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டாள். பரிமாறியவர் கடைசியில் சட்னி வாளியையே எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவள் அவரைப் பார்த்து, ஒரு கந்தோரின் தலைவர் இன்னொரு கந்தோரின் தலைவரைப் பார்ப்பதுபோல, மரியாதையாகத் தலையசைத்தாள்.

கேட்பது அவளுக்கு மூச்சு விடுவதைப் போல. பஸ்ஸில் நடத்துநர் சீட்டைக் கிழிக்கும்போது, "தம்பி, இருந்து போனாலும் இதே காசு, நின்னு போனாலும் இதே காசா? நிக்கிறதுக்குக் குறைக்க மாட்டியா?" என்று சிங்களத்தில் கேட்பாள். ஒருநாள் அப்படிக் கேட்கப்பட்ட ஒருவர், தாங்கமுடியாமல், சாரதிக்குப் பக்கத்தில் தான் பை வைத்திருந்த இடத்தைத் துடைத்து அவளை இருத்தினார். பழக்கடையில் ரம்புட்டான் ஒன்றை உரித்துத் தின்று பார்த்துவிட்டு, "இது இனிப்பு. மத்ததும் இப்படித்தான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டு இன்னொன்றையும் சும்மா வாங்குவாள். மறுப்பு அவளை ஒருநாளும் சுட்டதில்லை. "கேட்டா இல்லன்னு சொல்லுவாங்க. கேக்காட்டியும் இல்ல தான். அப்ப கேக்குறதுல என்னடி நட்டம்?" என்பாள். "வாய் இருக்கிறது ரோஸ் பாண் கடிக்க மட்டுமா?" என்பதும் அவள் அடிக்கடி சொல்வது.

எப்படி இவள் இப்படி ஆனாள் என்று நான் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு கதை சொன்னாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய தகப்பன் மேலதிக நேர வேலைக்குக் காசு கேட்க வெட்கப்பட்டு நோயாளியானார் என்றாள் ஒருமுறை. நான் கண் கலங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டுக்குப் போனால், தகப்பன் குத்துச்சண்டைக்காரர் மாதிரி வாசலில் நின்று என்னை வரவேற்றார். இன்னொரு முறை, சிறுவயதில் திக்குவாயாக இருந்ததாகவும் 'எவ்வளவு' என்ற சொல் மட்டும் திக்காமல் வந்ததாகவும் சொன்னாள். தாய் துறைமுகத் தொழிலாளருக்குப் பகல் சாப்பாட்டுப் பார்சல் கட்டி விற்பவர். அவர்தான் உண்மையைச் சொன்னார். "இவ மறைக்கல்வி வகுப்புல ஃபாதர்கிட்ட கேட்டா மகள், கல்யாணப் பூசைக்குப் பாடுற பிள்ளைங்களுக்கு என்ன குடுப்பீங்கன்னு. அன்னைக்கு இருந்து பாடுற எல்லாருக்கும் ஒரு கேக் துண்டு. இவ பாடுறதும் இல்ல. அந்தக் கேள்வி கேட்டதுக்காக இவளுக்கும் ஒரு துண்டு."

எனக்கு இடம் தேடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். தனக்குத் தேடுவதை ஒத்திவைத்தாள். "எனக்கு அவசரம் இல்ல. உனக்கு மாமா இருக்காரு" என்றாள்.

முதலில் இருவருமாக நெட் கஃபேயில் இருந்து மின்னஞ்சல் அனுப்பினோம். நான் எழுதிய விண்ணப்பங்கள் பணிவாக இருந்தன. எனக்காக அவள் எழுதியவை, 'தங்கள் கொடுப்பனவைத் தெரிவித்தால் என் விபரங்களை அனுப்ப ஆயத்தமாக உள்ளேன்' என்று தொடங்கின. இரண்டுக்கும் பதில் வரவில்லை. "பார்த்தியா, மரியாதைக்கும் பதில் இல்ல" என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

பிறகுதான் அந்தக் குரல் பிறந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றின் முனையில், தொலைபேசி எடுக்கும் 'கொமியூனிகேஷன்' கடை இருந்தது. அவள் கண்ணாடிக் கூண்டுக்குள் போய், தொண்டையைச் செருமி, பாதி மூக்கடைத்த தடிமனும் பாதிச் சலிப்புமான ஒரு குரலை எடுத்தாள். எங்கள் நிறுவகத்தின் பயிற்சி இணைப்பாளர் மெடம் பேசுகிறேன் என்றாள். அப்படி ஒரு பதவி எங்கள் நிறுவகத்தில் இருக்கவில்லை.

"எங்களிட்ட மிகத் திறமையான மாணவி ஒராள் இருக்கிறா. பல இடங்களில இருந்து கேக்கினம். நீங்கள் மாதம் எவ்வளவு கொடுக்கிறதாக உத்தேசம்?"

என்னுடைய பேச்சைத்தான் திருடியிருந்தாள். கொட்டாஞ்சேனைத் தமிழில் மெடமாக முடியாது என்பது அவள் கட்சி. எதிர்ப்பக்கத்தில் தொகை சொன்னதும் எதுவும் பேசமாட்டாள். ஒரு பெருமூச்சு மட்டும் விடுவாள். அந்தப் பெருமூச்சில், படித்த பிள்ளைகளை இந்த உலகம் நடத்தும் விதம் பற்றிய துக்கம் முழுவதும் இருக்கும். கடைக்கார அண்ணை வந்தவர்களுக்கு மீதிக் காசு கொடுக்கவும் மறந்து கூண்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கிழமைக்குப் பிறகு, எங்களிடம் அரைக் காசுதான் வாங்கினார். அதையும் அவள் கேட்டுத்தான் குறைத்தாள்.

பெரும்பாலான இடங்களில் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். புறக்கோட்டையில் காகிதமும் அப்பியாசக் கொப்பியும் இறக்குமதி செய்யும் ஒரு முதலாளி மட்டும் மாட்டினார். பரம்பரை பரம்பரையாக வியாபாரம் செய்யும் இந்திய வம்சாவளிக் குடும்பம். "பிள்ளைகள்கிட்ட சும்மா வேலை வாங்கினா பாவம்மா. ஏதாவது பார்த்துத் தருவோம்" என்றார்.

"ஏதாவதெண்டால் எவ்வளவு?"

அவர் ஒரு தொகை சொன்னார். பெருமூச்சு. அவர் தொகையைக் கூட்டினார். அவள் ரிசீவரை வைத்தாள். கூண்டைத் திறந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். கடைக்கார அண்ணையும் கை தட்டினார்.

முதலாளியின் கந்தோரில் வேலை எனக்குப் பிடித்திருந்தது. சுங்கப் பத்திரம் நிரப்பவும் களஞ்சியத்தில் இருப்புப் பார்க்கவும் பழகினேன். மாதம் முடிந்தது. எல்லோருக்கும் சம்பளம் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் இல்லை. முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"முதல் மாசம் பழகுற மாசம்மா. அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அன்று மாலை நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாமா அன்றிரவு வீட்டுக்கு வந்து சம்பளத்தைப் பற்றிக் கேட்பார் என்பது நிச்சயம். அவள் கதையைக் கேட்டுவிட்டு, "நீ என்ன சொன்ன?" என்றாள்.

"தலையாட்டினனான்."

"எந்தப் பக்கம்?"

"மேலும் கீழும்."

அவள் குடையை மூலையில் சாத்தினாள். பிறகு தாயைக் கூப்பிட்டு, பூசைக்கு உடுத்தும் நல்ல சேலையைக் கேட்டாள். மாமாவிடம், கணக்குப் பகுதியில் தாமதம் என்று சொல்லச் சொல்லி என்னை அனுப்பினாள்.

மறுநாள் பகல், கந்தோர் வாசலில் பயிற்சி இணைப்பாளர் மெடம் வந்து நின்றார். சாம்பல் நிறச் சேலை, இறுக்கிக் கட்டிய கொண்டை, காதோரத்தில் முகப்பவுடரால் உண்டாக்கிய நரை, தாயின் வாசிப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை என்பது எனக்கு உடனே விளங்கியது. படியில் தடுக்கினாள். காகிதக் கட்டோடு நின்ற ஒரு கைவண்டியிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் கொப்பிகள் அடுக்கியிருந்த இறாக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"வாங்கம்மா, உட்காருங்க" என்றார் முதலாளி. "போன்ல கேட்ட குரல் மாதிரி இல்லையே?"

"தடிமன்."

"போன்லதான் தடிமன் மாதிரி இருந்துச்சு."

"அது இப்ப சுகம்."

முதலாளி பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னார். அது மேசைக்கு வந்தது. அவள் கம்பீரமாகக் கையை நீட்டி, அதற்குப் பக்கத்தில் இருந்த, நோட்டு எண்ணும்போது விரல் நனைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"அது குடிக்கிறதில்லம்மா."

அவள் அதை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கீங்க?"

"பத்துப் பதினைஞ்சு வருஷம் இருக்கும்."

"அப்போ பள்ளிக்கூடம் போற காலத்துலயே தொடங்கிட்டீங்க."

கந்தோரில் தட்டச்சு நின்றது. அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். என்னிடமிருந்து திருடிய பேச்சையும் அதோடு கழற்றி வைத்தாள்.

"சரி ஐயா. நான் மெடம் இல்ல. அவ கூடப் படிச்சவ. ஆனா அவ ஒரு மாசம் வேலை செஞ்சது உண்மை. நீங்க போன்ல ஒரு தொகை சொன்னதும் உண்மை. இங்க பொய்யுன்னா நான் மட்டும்தான். என்னைப் பத்தி அப்புறம் பேசலாம். அவளுக்கு எவ்வளவு, எப்ப?"

முதலாளி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். திரும்பி, இறாக்கையின் கீழே தெரிந்த என் செருப்பைப் பார்த்து, "நீ ஏம்மா நேத்து இதைக் கேக்கல?" என்றார்.

நான் இறாக்கைக்குப் பின்னாலிருந்தே தலையாட்டினேன். அதை அவர் பார்த்திருக்க முடியாது.

அவர் இழுப்பறையைத் திறந்து, கிண்ணத்தில் விரலை நனைத்து, சொன்ன தொகையை எண்ணி வைத்தார். "உங்க மாதிரி ஒரு ஆள் என் வசூலுக்கு இருந்தா, வெளியில நிக்கிற கடன் எல்லாம் வந்திடும்" என்று பகிடியாகச் சொன்னார்.

"எவ்வளவு தருவீங்க?" என்றாள் அவள்.

முதலாளி இருமும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பு அத்தோடு நின்றிருந்தால் நல்லது. மனம் நிறைந்துபோன அவர், மறுநாள் எங்கள் நிறுவகத்துக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததையெல்லாம் சொல்லி, உங்கள் 'பயிற்சி இணைப்பாளர்' பெரிய கெட்டிக்காரி என்று பணிப்பாளரிடமே பாராட்டிவிட்டார்.

பணிப்பாளர் பழைய பாடசாலை அதிபர். கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் 'நீர்', 'உம்' என்ற பேச்சுமாக, நாங்கள் எல்லோரும் பயந்த அம்மையார். எங்கள் இருவரையும் அழைத்து மேசைக்கு முன்னால் நிற்பாட்டினார்.

"என்ன நினைச்சுக் கொண்டிருக்கிறீர்? நிறுவகத்தின்ரை பெயரைச் சொல்லி ஆள்மாறாட்டமோ? இரண்டு பேரின்ரை டிப்ளோமாவையும் நான் நிப்பாட்டி வைக்கலாம், தெரியுமோ?"

எனக்குக் கண்முன் மாமாவின் காசுமேசை வந்தது. அவள் குடையை ஊன்றிக்கொண்டு, "இவளுக்கு ஒண்ணும் தெரியாது மிஸ். இவளுக்குத் தலையாட்ட மட்டும்தான் தெரியும். என்னுடையத நிப்பாட்டுங்க" என்றாள். முதல் தடவையாக அவள் எதையும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

பணிப்பாளர் பேனாவை எடுத்தார். அப்போது தொலைபேசி அடித்தது.

"ஹலோ... இணைப்பாளரோ? அப்பிடி ஒருத்தரும் இங்கை..." என்று தொடங்கிய பணிப்பாளர் நிறுத்தினார். எதிர்ப்பக்கத்தில் யாரோ ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தார். மெடம் கேட்ட கொடுப்பனவைத் தர மேலிடம் சம்மதித்துவிட்டது, இரண்டு மாணவரை அனுப்ப முடியுமா என்று அவர்கள் கேட்பது எங்களுக்கே கேட்டது. பணிப்பாளர் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

அவள் மூன்று விரலைக் காட்டினாள்.

பணிப்பாளரின் முகத்தில் பலதும் வந்து போயின. அறிவித்தல் பலகையில் குத்தியிருந்த அந்தக் காகிதமும் அவருக்கு ஞாபகம் வந்திருக்கலாம். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"இரண்டு பேரைப் பிரிச்சு அனுப்புறது கஷ்டம். மூன்று பேராய் எடுத்தால் வசதி" என்றார். எதிர்ப்பக்கம் தயங்கியதும், என் இரண்டு காதாலும் கேட்டேன், பணிப்பாளர் ஒரு பெருமூச்சு விட்டார்.

மூன்று மாணவருக்கு இடம் கிடைத்தது. ரிசீவரை வைத்துவிட்டு, எங்களைப் பாராமலே அவளிடம், "நாளைக்குக் காலமை இங்கை வேலைக்கு வாரும். பொய்க் குரல் வேண்டாம், உம்மடை குரலிலேயே கதையும். இதையே உம்மடை பயிற்சியாய்க் கணக்கெடுப்பம்" என்றார்.

"மிஸ், அதுக்கு எவ்வள..."

"வெளியிலை போம்!"

வெளியே வந்தோம். அவள் குடையைச் சுழற்றினாள். "போம்னாங்க. இல்லன்னு சொல்லல, கவனிச்சியா?"

மாத முடிவில் அவளுக்குக் கொடுப்பனவு கிடைத்தது. ஆறு மாதம் முடிந்த பின்பும் பணிப்பாளர் அவளை விடவில்லை. காசு தராத எந்தக் கந்தோருக்கும் அவள் பிள்ளைகளை அனுப்புவதில்லை. பெரிய பெரிய நிறுவனங்களின் பெயர்களையே சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டாள். சில பிள்ளைகள் அவளைத் திட்டினார்கள்.

அவர்களில் ஒருத்தி ஹெவ்லொக் டவுனில், வசதியான வீட்டில் இருந்து வந்தவள். எல்லோரும் ஆசைப்படும் ஒரு நிறுவனத்தில் சம்பளமில்லாத பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இவள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். அந்தப் பிள்ளை பணிப்பாளரிடம் நேரே போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனம் அவளை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. அவள் ஒரு பெட்டி கேக்கோடு வந்து, கோபமில்லை என்று இவள் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அன்று அங்கே போயிருந்தேன்.

"நீ பிழை விட்டிட்டாய்" என்றேன்.

இவள் கேக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஆறு மாசம் சும்மா வேலை செய்யுறதுன்னா, அந்த ஆறு மாசம் யாராவது சோறு போடணும்டி" என்றாள். "அவ வீட்டுல போட்டாங்க. நல்லது. உன்னை அங்க அனுப்பியிருந்தா நீ இப்ப சேலை அளந்துக்கிட்டு இருப்ப." பெட்டியின் மூடியைத் திறந்துகொண்டே, "ஆனா அவகிட்ட நான் ஒரு தரம் கேட்டிருக்கலாம், உன்னால முடியுமான்னு. அத மட்டும் கேக்கல" என்றாள். பிறகு கேக்கில் பெரிய துண்டை எடுத்துக்கொண்டாள். அடுத்த வருடத்திலிருந்து கையெழுத்துப் போடுமுன் பிள்ளைகளிடம் அதைக் கேட்கத் தொடங்கினாள்.

சில வருடங்களில் அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். இத்தாலியில் வேலை செய்யும் கொட்டாஞ்சேனைப் பையன். சீதனம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது, ஏன் வேண்டாம், பையனிடம் என்ன குறை என்று அவள் துருவித் துருவிக் கேட்டு, அவர்கள் எழும்பிப் போகிற நிலைமைக்குக் கொண்டுவந்தாள். பையன் மட்டும் தொலைபேசியில் சிரித்தானாம். அதனால் சம்மதித்தாள்.

அவள் புறப்பட்ட நாள் தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. வாசலிலேயே மகளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போய்விட்டார். தாயும் நானும் விமான நிலையத்துக்குக் கூடப் போவதாக ஏற்பாடு. பெட்டிகளை வீட்டிலிருந்து வெளியே எடுக்கும்போது வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. நாங்கள் யாரும் அதை வரச் சொல்லியிருக்கவில்லை. அவள் வழக்கம்போல முன்னால் போய், குடையால் வானின் கதவைத் தட்டி, "கட்டுநாயக்கவுக்குக் கீயத?" என்று, தன் வழக்கமான 'எவ்வளவு'வைச் சிங்களத்தில் கேட்டாள்.

சாரதி சிங்களத்தில், "காசு கொடுத்தாயிற்று மிஸ்" என்றார்.

"யார் கொடுத்தது?"

"பிள்ளைகள். மிஸ் வேலை எடுத்துக் கொடுத்த பிள்ளைகளாம். எல்லாருமாகச் சேர்ந்து கொடுத்தார்கள். மிஸ்ஸிடம் சல்லிக்காசு வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்."

"போகிறதுக்கு மட்டுமா?"

"இவர்கள் திரும்பி வருவதற்கும்."

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த கேள்வி எதுவும் அந்த இடத்தில் பொருந்தவில்லை. நான் அவள் முகத்தை அப்படி ஒருநாளும் கண்டதில்லை. யாரோ அவளைப் பிடித்து ஒரு அந்நிய வீட்டுக்குள் விட்டதுபோல இருந்தாள். பேசாமல் ஏறி, பின் ஆசனத்தின் மூலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

வத்தளை வந்தது, ஜா-எல வந்தது. அவள் ஒரு சொல் பேசவில்லை. தாய் பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விமான நிலைய வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு, "அதுங்ககிட்ட சொல்லு..." என்று தொடங்கினாள். என்ன சொல்லவேண்டும் என்பது வரவில்லை. காவலர் நகரச் சொன்னார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது வானில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். வெகுதூரம் வந்தபின் சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்து, மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார்.

"அந்த மிஸ் எப்பவுமே இப்படிப் பேசாத ஆளா?"

முதலில் தாய்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. வான் ஆடியது. சாரதி தான் ஏதோ தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்து வேகத்தைக் குறைத்தார். தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, அவருக்குச் சிங்களத்தில் பதில் சொன்னார்.

"இல்ல மகன். இன்னைக்கு மட்டும்தான்."